ஆன் செய்ததும் கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறதா? நிற்கிற இடத்தைப் பாருங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டு கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே நின்றுபோனால், காதில் விழுகிற முதல் பேச்சு "ஃபார்மேட் அடிச்சிடலாம்" என்பதுதான். பல நேரம் அதற்குத் தேவையே இருக்காது. ரேம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவக அட்டை) செருகும் ஸ்லாட்டில் செம்மண் தூசு ஏறியிருந்தாலும், சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினாலும், ஹார்ட் டிஸ்க் தேய்ந்துபோனாலும் ஃபார்மேட் அடித்து ஒரு பயனும் இல்லை. ஆனால் அடித்த பிறகு பிள்ளைகளின் படங்கள், ஸ்கேன் செய்து வைத்த பட்டா, மாங்காய் மண்டிக் கணக்கு எல்லாம் போய்விடும். அதனால் ஃபார்மேட் என்பது கடைசி வேலை. முதல் வேலை, கம்ப்யூட்டர் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பது.

ஆன் பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வரும்வரை நடப்பதெல்லாம் ஒரு வரிசையில்தான் நடக்கும். முதலில் எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளை டப்பா, மற்ற பாகங்களெல்லாம் பொருந்தியிருக்கும் மதர்போர்டுக்குக் கரண்ட் கொடுக்கிறது. அடுத்து பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் சின்ன மென்பொருள்) பிராசஸர், ரேம், டிஸ்ப்ளே, கீபோர்டு, டிஸ்க் எல்லாவற்றையும் சரிபார்க்கிறது. கம்பெனி லோகோ தெரிவது அப்போதுதான். அப்புறம் டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் ஏற ஆரம்பிக்கிறது. சுற்றுகிற புள்ளிகள் வரும். டிரைவர்கள் (டிஸ்ப்ளே, பிரிண்டர் போன்றவற்றை இயக்கும் சின்ன மென்பொருள்கள்) ஏறும். பிறகு பாஸ்வேர்டு கேட்கும் திரை. கடைசியாக, தானாகத் திறக்கிற புரோகிராம்கள். ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்தது. ஆகவே புள்ளிகள் வராமல் லோகோவிலேயே நிற்கிற சிஸ்டத்தில் விண்டோஸைக் குறை சொல்ல முடியாது, அது இன்னும் வரவே இல்லை. டெஸ்க்டாப் வந்த பிறகு நிற்கிற சிஸ்டத்தில் ரேமைக் கழற்றித் துடைப்பதிலிருந்து தொடங்குவது வீண் வேலை.

எதையும் தொடுவதற்கு முன்னால் செல்போனை நிறுத்தி வைத்து, ஆன் செய்வதிலிருந்து நிற்கும்வரை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஒரு நொடி மட்டும் தெரிந்து மறைகிற எழுத்தை வீடியோவில் நிறுத்திப் படிக்கலாம். யாரிடமாவது உதவி கேட்கும்போதும் "ஆன் ஆகல" என்று சொல்வதைவிட அந்த வீடியோ ஆயிரம் மடங்கு மேல்.

நின்ற பிறகு கேப்ஸ் லாக் கீயை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே சிஸ்டம் இயங்கிக்கொண்டிருக்கிறது. திரைதான் வரவில்லை, அல்லது எதற்கோ காத்திருக்கிறது. விளக்கு அசையாவிட்டால் முழுசாக உறைந்துவிட்டது. கேபினட்டின் முன்பக்கம் டிஸ்க் விளக்கு இருந்தால் அதையும் கவனியுங்கள். விட்டு விட்டு மின்னினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், கொஞ்சம் பொறுக்கலாம். வெகுநேரம் ஒரேயடியாக எரிந்துகொண்டே இருந்தாலோ, ஒரேயடியாக அணைந்திருந்தாலோ பொறுத்துப் பயன் இல்லை.

அடுத்து, கீபோர்டும் மவுஸும் தவிர யூஎஸ்பியில் இருப்பது அத்தனையையும் பிடுங்குங்கள். பென் டிரைவ், பிரிண்டர், வெப்கேம், போன் சார்ஜர் ஒயர், எல்லாமே. மறந்துபோய்ச் செருகியே இருக்கிற ஒரு பென் டிரைவ்கூட லோகோவிலேயே சிஸ்டத்தை நிறுத்திவிடும். மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். இதிலேயே எழுந்துவிடுகிற மடிக்கணினிகள் நிறைய. பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால் மட்டும் அதோடு விளையாடாதீர்கள், அமுக்காதீர்கள். அதைத் திரும்பப் போடவும் வேண்டாம்.

ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை

முதல் சந்தேகம் மானிட்டர் ஒயர்தான். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும் பெட்டியில் ஒயரை அந்தக் கார்டில் செருக வேண்டும், மதர்போர்டின் பின்பக்கம் இல்லை. சுவர் வெள்ளையடிக்கப் பெட்டியை நகர்த்தி வைத்த வீடுகளில் இது சகஜம்.

அது சரியாக இருந்தால் ரேம். பெட்டியின் மின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, பக்கவாட்டு மூடியைத் திறந்து, ஒரு கையால் பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் இறங்கிவிடும். ரேமின் இரண்டு முனையிலும் இருக்கும் கொக்கியைத் தள்ளினால் அது எழும்பி வரும். அடிப்பக்கம் தங்க நிறத்தில் வரிசையாகக் கோடுகள் இருக்கும். அவற்றைப் பள்ளிக்கூட வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் துகள் இல்லாமல் துணியால் துடையுங்கள். ஸ்லாட்டுக்குள் உலர்ந்த பெயிண்ட் பிரஷ் விட்டுத் தூசை எடுங்கள். நம் ஊர் செம்மண் பூமி. அதிலும் கிரானைட் குவாரி, பாலிஷ் பட்டறை பக்கத்தில் இருக்கிற வீடு என்றால் மாவு மாதிரி நைசான தூசு எங்கும் ஏறும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும். திருப்பிப் போடும்போது இரண்டு பக்கமும் 'டக்' என்று கொக்கி விழ வேண்டும். பாதி உட்கார்ந்த ரேம், உட்காராத ரேமுக்குச் சமம்.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், அப்புறம் மற்றதை. பிறகு ஸ்லாட்டை மாற்றுங்கள். ஒன்றில் எழுந்து மற்றதில் எழாவிட்டால் குற்றவாளி தெரிந்துவிட்டது.

பீப் சத்தம் வந்தால் எத்தனை, நீளமா குட்டையா என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பொருள் பயாஸ் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் மதர்போர்டின் மாடல் பெயரோடு சேர்த்துத் தேடினால்தான் சரியான விடை கிடைக்கும். புதிய போர்டுகள் சிலவற்றில் சிபியூ (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (டிஸ்ப்ளே), பூட் (டிஸ்க்) என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் எரிகிறதோ அங்கேதான் கோளாறு.

இரண்டு, மூன்று விநாடி ஓடிவிட்டு அணைந்து, மறுபடி தானாக ஓடினால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்தேகப்படுங்கள். அந்த டப்பாவை வீட்டில் திறக்கவே கூடாது. கரண்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் ஆளைத் தூக்கிப் போடும் அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பல்லியோ கரப்பானோ உள்ளே போய்க் கருகிய வாடை வந்தாலும் சரி, டப்பாவை அப்படியே மாற்றுவதுதான் நல்லது.

லோகோ வருகிறது, அதற்கு மேல் நகரவில்லை

ஆன் செய்த உடனே எஃப்2 அல்லது டெலிட் கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். பயாஸ் திரை திறந்தால் பிராசஸர், ரேம், போர்டு பெரும்பாலும் நலம். திறக்கவே இல்லை என்றால் பவரைப் பிடுங்கிவிட்டு, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற டேட்டா ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போது பயாஸ் திறந்துவிட்டதா? அப்படியென்றால் டிஸ்க்தான் சிஸ்டத்தை நிறுத்தி வைத்திருந்தது. "யாரங்கே?" என்று பயாஸ் கேட்கிறது, சாகப்போகிற டிஸ்க் பதில் சொல்லாமல் இழுத்தடிக்கிறது. ஒயர் மாற்றிப் பாருங்கள், மதர்போர்டில் வேறு இடத்தில் செருகிப் பாருங்கள். அப்போதும் அதே கதை என்றால் டிஸ்க்கை இனி அதிகம் ஓட்டாதீர்கள். அதில் இருப்பதைக் காப்பாற்றுவது பற்றிக் கீழே சொல்கிறேன்.

டிஸ்க்கைக் கழற்றியும் லோகோவிலேயே நின்றால், ஒரு கேள்வி: சமீபத்தில் இடி இடித்ததா? மாங்காய்ப் பருவத்தில் நம் பக்கம் சாயங்காலம் திடீரென்று இடியோடு மழை கொட்டும். மின்னல் பவர் ஒயர் வழியாக மட்டும் வராது. ரௌட்டரிலிருந்து வருகிற லேன் ஒயர் வழியாகவும் வந்து, போர்டில் இருக்கும் லேன் பகுதியைக் கருக்கிவிடும். மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் பயாஸ் அந்த இடத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும். லேன் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். பயாஸுக்குள் போக முடிந்தால் ஆன்போர்டு லேன் என்பதை அணைத்து வையுங்கள். இன்டர்நெட்டுக்கு யூஎஸ்பி வைஃபை ஒன்று வாங்கிக்கொண்டால் அந்த போர்டே இன்னும் சில வருஷம் ஓடும். வானம் கறுத்தால் பவர் ஒயரோடு லேன் ஒயரையும் பிடுங்குகிற பழக்கம் வேண்டும்.

ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறதா? போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரி, சிஆர்2032 என்று எழுதியிருக்கும், தீர்ந்துவிட்டது. 3 வோல்ட் பேட்டரி அது, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். இரவு சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படுப்பது நம் வீட்டுப் பழக்கம். சுவரில் கரண்ட் இருக்கும்வரை அந்தப் பேட்டரிக்கு வேலை இல்லை, அணைத்த பிறகுதான் செலவாகும். அதனால் நம் வீடுகளில் அது சீக்கிரம் தீரும். அதற்காக ஸ்விட்சைப் போட்டே வைக்கச் சொல்லவில்லை, பேட்டரியை மாற்றினால் போதும். ஆனால் ஒரு விஷயம். பேட்டரி தீர்ந்ததும் பயாஸ் செட்டிங் எல்லாம் ஆதி நிலைக்குப் போய்விடக்கூடும். டிஸ்க்கைப் படிக்கும் முறை, ஏஎச்சிஐ என்பது ரெய்டு என்றோ ஐடிஇ என்றோ மாறிவிட்டால் விண்டோஸ் நீலத் திரையில் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று சொல்லி நின்றுவிடும். அதைப் பழையபடி மாற்றினால் எதுவுமே நடக்காததுபோல் எழுந்து வரும். இதற்குப் போய் ஃபார்மேட் அடிக்கிறார்கள் என்பதுதான் வேதனை.

'பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்' என்ற எழுத்து வந்தாலும் இதே வழிதான். பயாஸில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பூட் வரிசையில் அதை முதலில் வையுங்கள். தெரியாவிட்டால் ஒயர், இல்லையேல் டிஸ்க்.

காலையில் வருகிறது, சாயங்காலம் நிற்கிறது

இது நம் கிராமங்களுக்கே உரிய கோளாறு. காரிமங்கலம் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் அப்படி ஒரு கம்ப்யூட்டர். "மாமா, காலைல நல்லாத்தான் வருது, சாயங்காலம் உக்காந்தா மட்டும் லோகோவுலயே நிக்குது" என்றாள் அந்த வீட்டுப் பெண். அவள் வேலை பார்ப்பது ஓசூர் கம்பெனி ஒன்றுக்கு, வீட்டிலிருந்தே. ரேமைக் கழற்றித் துடைத்தாயிற்று, விண்டோஸும் புதிதாகப் போட்டாயிற்று. நான் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, கம்ப்யூட்டர் செருகும் பிளக்கிலேயே வைத்துப் பார்த்தேன். 215 காட்டியது. பக்கத்துத் தோட்டத்தில் கிணற்று மோட்டார் ஓட ஆரம்பித்ததும் எண் சரசரவென்று இறங்கி 165, 170 என்று ஊசலாடியது. டியூப் லைட் கண் சிமிட்டியது. அந்த நேரம் பார்த்து ஆன் செய்தால் லோகோவோடு சரி. மோட்டார் நின்றதும் அதே பெட்டி ஒரு தடங்கலும் இல்லாமல் டெஸ்க்டாப் வரை வந்துவிட்டது.

வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். எஸ்.எம்.பி.எஸ். கொஞ்சம் கூடக்குறையத் தாங்கும். எவ்வளவு தாங்கும் என்று அதன் பக்கவாட்டு லேபிளில் அச்சடித்திருக்கும். பழைய, மலிவான டப்பாக்கள் 180-க்குக் கீழே தடுமாறும். ஆன் ஆகும் நேரத்தில் ஃபேன், ஹார்ட் டிஸ்க் மோட்டார், பிராசஸர் எல்லாம் ஒரே சமயத்தில் கரண்ட் கேட்பதால், ஓடும்போது தாங்குகிற பெட்டிகூட ஆன் ஆகும்போது தாங்காது. பயாஸில் ஹார்டுவேர் மானிட்டர் என்ற பக்கம் இருந்தால் 12 வோல்ட் என்ற வரியைப் பாருங்கள். 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்கு வெளியே போனால் எஸ்.எம்.பி.எஸ். மாற்றும் நேரம் வந்துவிட்டது.

தீர்வு, ஏவிஆர் (ஏறி இறங்கும் வோல்டேஜைத் தானே சரிசெய்கிற வசதி) உள்ள யூபிஎஸ். வாங்கும்போது எத்தனை விஏ (அதன் திறன் அளவு) என்று மட்டும் பார்க்காமல், உள்ளே வரும் வோல்டேஜ் எவ்வளவு வரை இறங்கலாம் என்று பெட்டியில் படித்து வாங்குங்கள். 150 பக்கம் வரை தாங்குகிறது என்றால் நம் ஊருக்கு ஏற்றது. யூபிஎஸ் ஏற்கெனவே இருந்தும் நின்றால் அதன் பேட்டரியைப் பாருங்கள். மூன்று நான்கு வருஷப் பேட்டரி, கரண்ட் போன நொடியில் கம்ப்யூட்டரையும் கூட்டிக்கொண்டு போய்விடும். வீட்டு எர்த்தும் முக்கியம். பாறையும் சரளையும் நிறைந்த தரையில் கோடையில் மண் காய்ந்துவிட்டால் எர்த் பிடிக்காது. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் அதுதான் அடையாளம். முதலில் எலக்ட்ரீஷியன், பிறகுதான் கம்ப்யூட்டர் ஆள்.

வோல்டேஜ் சரியாக இருந்தும், முதல் தடவை நின்று இரண்டாம் தடவை எழுகிறதா? மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் குட்டி உருளைகளைப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ கெபாசிட்டர் போய்விட்டது. நல்ல சர்வீஸ்காரர் அதை மட்டும் மாற்றித் தருவார், போர்டை மாற்ற வேண்டியதில்லை.

ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒழுங்காக வருகிறது, ஷட்டவுன் செய்து ஆன் செய்தால் நிற்கிறது என்றால் அது வேறு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே திரும்ப ஏற்றும். ரீஸ்டார்ட்டில் அப்படி இல்லை, எல்லாம் புதிதாக ஏறும். எழுதி வைத்ததில் பிசகு இருந்தால் தினமும் அதே பிசகு வந்து நிற்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் இந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன

முதலில், அப்டேட் ஓடுகிறதா என்று பாருங்கள். ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய சிஸ்டத்தில் பெரிய அப்டேட் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட எடுக்கும். டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்வரை கை வைக்காதீர்கள்.

அசைவே இல்லை என்றால் காதை வையுங்கள். 'டக்... டக்...' என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் அத்தோடு நிறுத்துங்கள். டிஸ்க்கின் படிக்கும் முனை தடுமாறுகிறது. ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் உள்ளே இருப்பது இன்னும் கொஞ்சம் போகும்.

சத்தம் இல்லாவிட்டால் பழுது பார்க்கும் திரையை வரவழைக்கலாம். புள்ளிகள் சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். மறுபடி ஆன் செய்து அதேபோல் அணையுங்கள். தொடர்ந்து இப்படித் தடைபட்டால் அடுத்த தடவை விண்டோஸ் தானாகவே ஆட்டோமேட்டிக் ரிப்பேர் திரைக்குப் போகும். அங்கே ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போனால் எண்களோடு ஒரு பட்டியல் வரும். 4 அழுத்தினால் சேஃப் மோடு, 5 அழுத்தினால் இன்டர்நெட்டோடு சேஃப் மோடு. சேஃப் மோடில் சில சமயம் பின் எண் வேலை செய்யாது, மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திரைகளில் எங்காவது பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரெகவரி கீ கேட்டால் பயப்பட வேண்டாம். அது 48 இலக்க எண். சமீபத்தில் வாங்கிய விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில் நாம் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். சாவி, மடிக்கணினியில் போட்ட மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். செல்போனில் அந்தக் கணக்குக்குள் நுழைந்தால் எடுத்துக்கொள்ளலாம். பயாஸ் செட்டிங்கை மாற்றினாலும் இந்தச் சாவியைக் கேட்கக்கூடும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைப்பது புத்திசாலித்தனம். கடையில் யாரோ போட்டுக்கொடுத்த கணக்கு, அதன் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது என்கிற நிலை பல வீடுகளில் இருக்கிறது. அப்படிப் பூட்டிக்கொண்ட டிஸ்க்கை எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது.

சேஃப் மோடு வந்துவிட்டதா? பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சேஃப் மோடில் விண்டோஸ் அடிப்படை டிரைவர்களை மட்டும் ஏற்றும். அங்கே வந்து, சாதாரணமாக வராவிட்டால் கோளாறு நாம் சேர்த்த டிரைவரிலோ புரோகிராமிலோதான். கடைசியாக என்ன போட்டீர்கள் என்று யோசியுங்கள்: பிரிண்டர் டிரைவரா, கிராபிக்ஸ் டிரைவரா, புது ஆன்டிவைரஸா? அதை நீக்குங்கள். ஒரே ஒரு டிரைவர் என்ன செய்யும் என்பதற்கு 2024 ஜூலை 19 சாட்சி. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஆன் ஆகும்போதே நீலத் திரையில் நின்றன. விமான நிலையங்கள்கூடத் திண்டாடின. அதற்கும் மருந்து, சேஃப் மோடில் போய் அந்த ஒரு ஃபைலை அழிப்பதாகத்தான் இருந்தது. அதற்கு ஃபார்மேட் தேவைப்படவில்லை.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய கோளாறு என்றால், அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் பக்கத்தில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் இருக்கிறது. சிஸ்டம் ரீஸ்டோர் இருந்தால் நன்றாக ஓடிய ஒரு நாளுக்குத் திரும்பலாம். படங்கள், ஆவணங்களுக்கு ஒன்றும் ஆகாது, அதன் பிறகு போட்ட புரோகிராம்கள் மட்டும் போகும். ஸ்டார்ட்அப் ரிப்பேரையும் ஒருமுறை ஓடவிடலாம். அது பல நேரம் கையை விரித்துவிடும், ஆனால் கெடுதல் செய்யாது.

சேஃப் மோடும் நின்றுபோனால் டிஸ்க், ரேம், அல்லது விண்டோஸின் சொந்த ஃபைல்கள், இந்த மூன்றில் ஒன்று. ரேமை மேலே சொன்னபடி ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். டிஸ்க்கை முதலில் நகல் எடுங்கள், பிறகுதான் சோதனை. டிஸ்க்கில் பிழை தேடித் திருத்தும் செக்டிஸ்க்கை ஓட்டச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். டிஸ்க் நலமாக இருந்தால் அது நல்ல கருவி. சாகிற டிஸ்க்கில் முழுப் பரப்பையும் படிக்கச் சொல்லி அதை ஓட்டினால், நகல் எடுக்க இருந்த கடைசி வாய்ப்பும் போகலாம்.

நீலத் திரை

விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் இது கறுப்புத் திரையாக வரும். கீழே ஸ்டாப் கோட் என்று ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கும். அதைப் படம் எடுங்கள். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றால் ரேமிலிருந்து தொடங்குங்கள். 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்றால் டிஸ்க், ஒயர், பயாஸ் செட்டிங். 'கிரிட்டிக்கல் பிராசஸ் டைட்' என்றால் விண்டோஸ் ஃபைல்கள் அல்லது டிஸ்க். திரையில் ஃபைல் பெயர் ஒன்று தெரிந்தால் அது எந்த டிரைவருடையது என்று தேடிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர் வந்தால், பெரும்பாலும் ரேம் அல்லது பவர்.

பாஸ்வேர்டு போட்ட பிறகு நிற்கிறது

கறுப்புத் திரை, மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வந்தால் ரன் நியூ டாஸ்க்கில் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள், டெஸ்க்டாப் வந்துவிடும். விண்டோஸ் கீயோடு கன்ட்ரோல், ஷிஃப்ட், பி சேர்த்து அழுத்தினால் டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும், அதையும் பார்க்கலாம்.

டெஸ்க்டாப் வந்து பத்து நிமிஷம் எதுவும் திறக்காவிட்டால் அது ஹேங் இல்லை, மூச்சுத் திணறல். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டும். ஸ்டார்ட்அப் என்ற பக்கத்தில் தேவையில்லாததை எல்லாம் டிஸேபிள் செய்யுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும். அதற்கு மேல் உண்மையான மருந்து எஸ்எஸ்டி, சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க். பழைய பெட்டியில் ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்திலேயே, அதே ஒயரில், சாட்டா வகை எஸ்எஸ்டி உட்காரும். புது கம்ப்யூட்டர் வாங்கப் பணம் சேர்ப்பவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

உள்ளே இருப்பதைக் காப்பாற்ற

விண்டோஸ் வராவிட்டாலும் ஃபைல்கள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். வேறொரு கம்ப்யூட்டரில் பென் டிரைவில் லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) போட்டு, அதிலிருந்து இந்த சிஸ்டத்தை எழுப்பினால் டிஸ்க்கைத் திறந்து நகல் எடுக்கலாம். இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. அரசு கொடுத்த பழைய மடிக்கணினி உங்கள் வீட்டில் இருந்தால் இன்னும் சுலபமாக இருக்கக்கூடும். அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற லினக்ஸ் வகையும் சேர்த்தே கொடுத்தார்கள். ஆன் ஆகும்போது வரும் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் நின்றுபோன நிலையிலும் உள்ளே போய்ப் படங்களைப் பென் டிரைவுக்கு மாற்றலாம். பாஸ் லினக்ஸை இடத்தை அடைக்கிறது என்று அழித்துவிடாதீர்கள்.

இன்னொரு வழி, டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி-சாட்டா ஒயர் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகுவது. மடிக்கணினி அளவு டிஸ்க்குக்கு அந்த ஒயரே கரண்ட் கொடுத்துவிடும், பெரிய டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். முதலில் எது போனால் அழுவீர்களோ அதை எடுங்கள். சினிமா, பாட்டெல்லாம் கடைசியில். நகல் எடுத்து முடிந்ததும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கைப் பாருங்கள். டிஸ்க்கின் கெட்ட இடங்களைக் காட்டும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளில் ரா வேல்யூ (எண்ணிக்கை) பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கில் இனி எதையும் நம்பி வைக்காதீர்கள்.

வெள்ளத்தில் நனைந்த பெட்டிக்கு இது எதுவும் பொருந்தாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையை மூழ்கடித்தபோது, காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஆன் செய்தே பலவற்றைக் கருக்கிக்கொண்டவர்கள் உண்டு. நனைந்ததை ஆன் செய்யக் கூடாது. டிஸ்க்கைக் கழற்றி, டேட்டா மீட்பவரிடம் அப்படியே கொடுங்கள்.

கடைக்குப் போகும்போது

ரேம், டிஸ்க் ஒயர், வோல்டேஜ் மூன்றையும் பார்த்தும் லோகோவைத் தாண்டவில்லை என்றால் போர்டு வேலை. அதற்குக் கருவியும் கையும் வேண்டும். ஓசூர்க்காரர்கள் பெங்களூரு எஸ்.பி. ரோடு போவார்கள், தர்மபுரிக்காரர்கள் சேலம் போவார்கள், இரண்டும் நல்லதுதான். எங்கே போனாலும் அந்த வீடியோவைக் காட்டுங்கள், என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். "டேட்டா எடுத்தாச்சுங்க" அல்லது "டேட்டா இன்னும் எடுக்கலைங்க, என்னைக் கேக்காம ஃபார்மேட் அடிக்காதீங்க" என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிக் கொடுங்கள், வாயால் சொன்னது வேலை நெருக்கடியில் மறந்துபோகும். டிஸ்க் மாற்றினால் பழைய டிஸ்க்கைக் கட்டாயம் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். செத்த டிஸ்க்காக இருந்தாலும் அதில் உங்கள் ஆதார் நகலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இருக்கின்றன.